டியூப்லைட் வெளிச்சத்தில் சின்னக் கேமரா: கோளாறு பார்த்துச் சரிசெய்யும் வழி

பகலில் பளிச்சென்று எடுக்கும் அதே சின்னக் கேமரா, கொலுப்படி முன்னாலோ இரவு எட்டு மணிக்குக் கேக் வெட்டும்போதோ சொதப்பினால், பெரும்பாலும் கேமரா கெட்டிருக்காது. வெளிச்சம் போதவில்லை; அந்தக் குறையை ஈடுகட்ட கேமரா தானாக எடுத்த முடிவு நமக்குப் பிடிக்காத முடிவு, அவ்வளவுதான். எந்த முடிவை எடுத்தது என்று தெரிந்துகொண்டால் திருத்துவது எளிது. கீழே ஒவ்வொரு கோளாறுக்கும் காசு செலவில்லாத காரணம் முதலிலும், பணம் கேட்கும் காரணம் கடைசியிலும் இருக்கின்றன.

## எதையும் மாற்றுவதற்கு முன்

வெயில் சோதனை. காலை பத்து மணி வெளிச்சத்தில் மொட்டை மாடியில் நின்று, ஃபிளாஷ் இல்லாமல், ஜூம் செய்யாமல் இரண்டு படம். முழு ஜூமில் இரண்டு படம். இந்த நான்கும் தெளிவாக இருந்தால் லென்ஸும் சென்சாரும் (ஒளியைப் படமாக்கும் சில்லு) நலம், கோளாறு வெளிச்சத்தில்தான். இவற்றிலும் அதே கலங்கலோ மூட்டமோ தெரிந்தால் நேராகக் கடைசிப் பகுதிகளுக்குப் போய்விடுங்கள்.

எண் சோதனை. கெட்டுப்போன படத்தைத் திரையில் போட்டு டிஸ்ப் பொத்தானை ஓரிரு முறை அழுத்துங்கள். ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே விழும் நேரம்; 1/60 என்றால் விநாடியில் அறுபதில் ஒரு பங்கு), எஃப் எண் (லென்ஸ் வாயின் திறப்பு; எண் கூடினால் வாய் சுருங்கும்), ஐஎஸ்ஓ (ஒளியைக் கூட்டிக் காட்டும் அளவு) மூன்றும் தெரியும். அவற்றைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் மெனுவுக்குள் புகுந்து ஏழெட்டு அமைப்புகளை மாற்றுபவர்களுக்கு எது மருந்து, எது விஷம் என்று கடைசிவரை தெரியாது.

பிறகு படத்தைப் பெரிதாக்கி மூன்று இடங்களைப் பாருங்கள்: ஆளின் கண், பின்னால் இருக்கும் அசையாத பொருள் (கதவுச் சட்டம், காலண்டர்), எரியும் விளக்கு.

## கோளாறு 1: படம் கலங்கியிருக்கிறது

கலங்கல் மூன்று வகை. மூன்றுக்கும் மருந்து வேறு.

### கதவுச் சட்டமும் முகமும் சேர்ந்தே கலங்கியிருந்தால்: கை ஆட்டம்

விளக்குகள் புள்ளியாக இல்லாமல் ஒரே திசையில் சின்னக் கோடாக இழுபட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். குறித்து வைத்த ஷட்டர் வேகம் 1/15, 1/8 என்று இருக்கும்.

*ஜூம் செய்தீர்களா?* முதல் குற்றவாளி இதுதான். சின்னக் கேமராக்களில் ஜூம் செய்யச் செய்ய லென்ஸின் வாய் சுருங்கும். 2012-இல் வந்த முதல் சோனி ஆர்எக்ஸ்100-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: அகலக் கோணத்தில் (அதாவது ஜூம் செய்யாமல்) எஃப்/1.8, முழு ஜூமில் எஃப்/4.9. உள்ளே வரும் ஒளி ஏழில் ஒரு பங்காகிவிடுகிறது. 1/60-இல் எடுக்க வேண்டிய படத்தைக் கேமரா 1/8-இல் எடுக்கும். போதாக்குறைக்கு ஜூம் கை ஆட்டத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். ஜூமை முழுக்கப் பின்னுக்கு இழுத்துவிட்டு இரண்டு அடி முன்னால் போங்கள். ரொம்ப நெருங்கினால் அகலக் கோணத்தில் மூக்கு பெரிதாகத் தெரியும். முகத்துக்கும் லென்ஸுக்கும் ஒன்றரை மீட்டர் விட்டால் போதும்.

*கேமராவைப் பிடித்த விதம்.* ஒரு கையில் பிடித்து முழங்கையை நீட்டி எடுப்பது 1/100-க்குக் கீழே வேலைக்காகாது. இரு முழங்கைகளும் விலாவை ஒட்டியிருக்கட்டும். கழுத்தில் மாட்டும் வார் இருந்தால் அது விறைப்பாகும்வரை கேமராவை முன்னால் தள்ளிப் பிடியுங்கள். தோளைச் சுவரிலோ நிலைக்கதவிலோ சாய்த்தால் இன்னும் நல்லது. பொத்தானைக் குத்தாமல் மெல்ல அழுத்துங்கள்.

*அசையாத பொருளா?* கொலு, பூஜை அறை, சமைத்து வைத்த இலை போன்றவற்றுக்குக் கையில் பிடிக்கவே வேண்டாம். நாற்காலி முதுகிலோ புத்தக அடுக்கிலோ வைத்து, 2 விநாடி டைமர் போட்டு, ஐஎஸ்ஓ 100 அல்லது 200 வையுங்கள். ஷட்டர் அரை விநாடி திறந்திருந்தாலும் படம் ஆடாது. கேமரா ஓரிடத்தில் உறுதியாக இருக்கும்போது ஆட்டம் தடுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். சில மாடல்களில் அதுவே இல்லாத ஆட்டத்தைத் தேடி லென்ஸை நகர்த்தும்.

*கையில் பிடித்தே தீர வேண்டுமா?* அகலக் கோணத்தில் 1/30 வரை பெரும்பாலானவர்களுக்குக் கை நிற்கும். ஆட்டம் தடுக்கும் வசதி இயங்கினால் 1/15-உம் முயலலாம். அதற்கும் கீழே போனால் ஐஎஸ்ஓவை ஒரு படி ஏற்றுங்கள். ஐஎஸ்ஓ இரட்டிப்பானால் ஷட்டர் நேரம் பாதியாகும்.

ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும்: பத்துக்குப் பத்து அறை, ஒரே ஒரு 20 வாட் எல்இடி டியூப், ஐஎஸ்ஓ 800. எஃப்/1.8 லென்ஸுக்கு ஏறத்தாழ 1/60 கிடைக்கும். அதே இடத்தில் எஃப்/3.6-இல் தொடங்கும் கேனான் இக்சஸ் 285 மாதிரி கேமராவுக்கு 1/15தான். இரண்டாவது கேமரா வைத்திருப்பவர் எந்த மெனுவை மாற்றினாலும் இந்த இடைவெளி மூடாது. இன்னொரு விளக்கைப் போடுவதுதான் அவருக்கு மருந்து.

### கதவுச் சட்டம் தெளிவு, ஆள் மட்டும் கலங்கல்: ஆள் அசைந்தார்

ஆட்டம் தடுக்கும் வசதி இங்கே துளியும் உதவாது. அது உங்கள் கையை மட்டுமே பார்த்துக்கொள்ளும். ஓடும் குழந்தையை நிறுத்தாது.

ஷட்டர் வேகத்தை நாமே பிடித்துக்கொள்ள வேண்டும். சோனி டயலில் எஸ், கேனான் டயலில் டிவி. (தொலைக்காட்சி அல்ல, நேரத்தைக் குறிக்கும் சுருக்கம். அதைப் பார்த்துப் பயந்து தொடாமலே விட்டவர்கள் நிறைய.) உட்கார்ந்து பேசுபவருக்கு 1/60 முதல் 1/100, நடமாடுபவருக்கு 1/125, குழந்தைக்கு 1/250. ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு மேல்வரம்பு மட்டும் போடுங்கள். டயலில் இந்த எழுத்துகளே இல்லாத எளிய கேமராவானால் காட்சிப் பட்டியலில் ‘குழந்தைகள்’, ‘விளையாட்டு’ என்று இருப்பவற்றில் ஒன்று. அதுவும் இல்லையென்றால் ஐஎஸ்ஓவை மட்டுமாவது கையால் ஏற்றுங்கள்.

எண்ணை மாற்றாமல் தப்பிக்கவும் வழி உண்டு: தொடர் படப்பிடிப்பில் நான்கைந்து படம். ஆரத்தி சுற்றும் கை எல்லையில் திரும்பும்போது, சிரிப்பின் உச்சியில், கேக் மேல் கத்தி தொட்ட நொடியில் உடம்பு ஒரு கணம் நிற்கும். ஐந்தில் ஒன்று அந்தக் கணத்தில் விழும்.

‘கையில் பிடித்து இரவுக் காட்சி’ போன்ற வசதியை ஆட்களுக்குப் போடாதீர்கள். அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்குவது; கொலுவுக்கு அருமை, ஆட்களுக்கு இரட்டைக் காது.

### பின்சுவர் தெளிவு, அசையாத முகமும் கலங்கல்: ஃபோகஸ் தவறிவிட்டது

ஷட்டர் வேகம் 1/100-க்கு மேலிருந்தும் முகம் பஞ்சுபோல் இருந்தால் இதுதான். கோளாறு 5-க்குப் போங்கள்.

## கோளாறு 2: படம் மணல் தூவியதுபோல் இருக்கிறது

ஐஎஸ்ஓ எண்ணைப் பாருங்கள். சாதாரணச் சின்னக் கேமராக்களின் 1/2.3 அங்குல சென்சார் சுமார் 6 மில்லிமீட்டருக்கு 4.5, ஓர் அங்குல வகை என்று விற்பது 13.2-க்கு 8.8. பரப்பில் நான்கு மடங்கு. அதனால் முதல் வகையில் 800-ஐத் தாண்டினால் மணல் தெரியும், இரண்டாம் வகையில் 3200 வரை சமாளிக்கலாம். எல்லா ஐஎஸ்ஓ எண்களும் மெனுவில் இருக்கின்றன என்பதற்காக எல்லாம் உபயோகத்துக்கு என்று அர்த்தமில்லை.

ஐஎஸ்ஓ அளவாக இருந்தும் மணலா? படம் இருட்டாக விழுந்து, பிறகு கைபேசியில் வெளுப்பாக்கியிருப்பீர்கள். இருட்டை இழுத்து வெளுப்பாக்கினால் மணலும் சேர்ந்து வரும். எடுக்கும்போதே ஈவி அளவை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +0.3 அல்லது +0.7 வையுங்கள்.

மாறாக, முகம் மெழுகுபோல் வழவழவென்று, முடி இழை தெரியாமல் இருந்தால் கேமரா மணலைத் துடைக்கிறேன் என்று தோலையும் சேர்த்துத் துடைத்திருக்கிறது. மெனுவில் நாய்ஸ் குறைப்பை லோ என்று வையுங்கள். என் தேர்வு எப்போதும் கொஞ்சம் மணல்தான். பாட்டியின் சுருக்கம் படத்தில் இருக்க வேண்டும். நான்குக்கு ஆறு அங்குலத் தாளில் அச்சிட்டால் பாதி மணல் கண்ணுக்கே தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு, நீலப் புள்ளி எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருந்தால் அது மணல் அல்ல, சென்சாரில் பழுதான புள்ளி. லென்ஸைக் கையால் மூடி ஒரு விநாடி ஷட்டரில் ஒரு படம் எடுத்து எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்று என்றால் விட்டுவிடலாம். வெயில் படத்திலும் தெரிகிற அளவுக்குப் பெருகினால் சர்வீஸ்.

## கோளாறு 3: நிறம் சரியில்லை

எல்லாம் மஞ்சள். வெது மஞ்சள் பல்புகள் 2700 முதல் 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அலகு; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்). வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறத்தைத் தானாகத் திருத்தும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அவ்வளவு மஞ்சளை முழுக்க எடுக்காது. பல்பு படம் போட்ட அமைப்புக்கு மாற்றுங்கள். குத்துவிளக்குப் படத்தில் மட்டும் மஞ்சளை விட்டுவையுங்கள். அதை வெள்ளையாக்கினால் விளக்கின் களையே போய்விடும்.

ஒரு கன்னம் மஞ்சள், மறு கன்னம் நீலம். ஜன்னல் வெளிச்சமும் பல்பும் கலந்துவிட்டன, அல்லது கூடத்தில் 6500 கெல்வின் வெள்ளை டியூபும் அலங்கார மஞ்சள் பல்பும் சேர்ந்து எரிகின்றன. இதற்குக் கேமராவில் தீர்வு கிடையாது. ஒன்றை அணைக்க வேண்டும். இல்லையேல் திரைச்சீலையை இழுக்க வேண்டும்.

தோல் பச்சை. சுவரைப் பாருங்கள். பச்சைப் பெயின்ட் அடித்த கூடத்தில் சுவரே பச்சை விளக்காகும். ஆளைச் சுவரிலிருந்து நான்கடி முன்னால் கொண்டுவாருங்கள். சுவர் வெள்ளையாக இருந்தும் பச்சை அடித்தால் மலிவான எல்இடியின் வேலை. பல்ப் பெட்டியில் சிஆர்ஐ எண் (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு) 90-உம் மேலும் போட்ட ஒன்றை வாங்கி மாட்டுங்கள். கேமரா மாற்றுவதைவிட மலிவு.

கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் எடுப்பதானால், ஆள் நிற்கும் இடத்திலேயே வெள்ளைத் தாளைப் பிடித்து எடுங்கள். நீலம் போட்டுத் துவைத்த வேட்டியை வைத்து அளந்தால் படமெல்லாம் மஞ்சளாகத் திரும்பும்.

## கோளாறு 4: குறுக்கே கறுப்புப் பட்டைகள், அல்லது ஒரு படம் வெளிச்சம் அடுத்தது இருட்டு

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. ஷட்டர் அதைவிட வேகமாக இருந்தால் ஒரு துடிப்பின் பாதிதான் படத்தில் விழும்.

சத்தமில்லாப் படப்பிடிப்பு இயங்கினால் முதலில் அதை அணையுங்கள். பட்டை போடுவது பெரும்பாலும் அதன் எலக்ட்ரானிக் ஷட்டர்தான். பிறகு ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் நிறுத்துங்கள். வீடியோவுக்கும் 1/50, நொடிக்கு 25 அல்லது 50 பிரேம். அமெரிக்கா, கனடா போன்ற 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 1/60. ஊரிலிருந்து கேமராவோடு போனவர்கள் இதை மாற்ற மறந்துவிட்டுக் கேமராவைக் குறை சொல்வதுண்டு.

சீரியல் லைட்டும் டிம்மர் போட்ட எல்இடியும் மின்கம்பியின் துடிப்பைப் பின்பற்றாமல் தம் போக்கில் துடிக்கலாம். டிம்மரை முழுக்க ஏற்றுங்கள்; சீரியலை மினுக்காத நிலைக்கு மாற்றுங்கள்; அப்படியும் பட்டை போகவில்லையென்றால் 1/25-க்கு இறங்கி, கேமராவை எதன்மேலாவது வையுங்கள்.

## கோளாறு 5: ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைகிறது, பச்சைச் சட்டம் வரவில்லை

- கேமராவின் முகப்பில் ஃபோகஸுக்கு உதவும் சின்ன விளக்கு இருக்கும். இடது கை விரல் அதை மூடியிருக்கிறதா? மெனுவில் அது ஆஃப் ஆகியிருக்கிறதா?
- வெறும் சுவரையோ ஒரே நிறச் சட்டையையோ நோக்கினால் பிடிமானம் கிடைக்காது. அதே தூரத்தில் இருக்கும் சேலையின் ஜரிகைக் கரை, சட்டைக் காலர், கண்ணாடிச் சட்டம் இவற்றில் ஒன்றைப் பிடித்து, பொத்தானைப் பாதி அழுத்தியபடி சட்டகத்தைத் திருத்துங்கள்.
- ரொம்பக் கிட்டப் போய்விட்டீர்களா? அகலக் கோணத்தில் 5 சென்டிமீட்டர் வரை நெருங்கவிடும் கேமரா, முழு ஜூமில் அரை மீட்டருக்கு மேல் விலகச் சொல்லும்.
- கேக் ஊதும்போது விளக்கை அணைப்பார்கள். அணைப்பதற்கு முன்பே மெழுகுவத்தித் தூரத்தில் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். தவறவிட்டால் யாராவது கைபேசி டார்ச்சை இரண்டு விநாடி காட்டினால் போதும்.

இத்தனைக்கும் பிறகு வெயிலிலும் ஃபோகஸ் விழவில்லை, அல்லது லென்ஸுக்குள் கரகரவென்று சத்தம் என்றால் நிறுத்திவிடுங்கள். அது சர்வீஸ் வேலை.

## கோளாறு 6: ஃபிளாஷ் போட்டால் முகம் வெள்ளை, பின்னால் இருட்டு

ஒளி தூரத்தின் வர்க்கத்தால் தேயும். ஒரு மீட்டரில் நிற்பவருக்குக் கிடைப்பதில் ஒன்பதில் ஒரு பங்குதான் மூன்று மீட்டரில் இருப்பவருக்கு. முன்வரிசை வெளுத்துப் பின்வரிசை கறுப்பது இதனால். எல்லோரையும் ஏறத்தாழ ஒரே தூரத்தில், வில் வடிவில் நிறுத்துங்கள். நீங்கள் 1.5 முதல் 2.5 மீட்டருக்குள் நில்லுங்கள்.

அடுத்து, ஃபிளாஷ் வகையை ஆட்டோவிலிருந்து ஸ்லோ சிங்க்ரோவுக்கு மாற்றுங்கள். ஷட்டர் அதிக நேரம் திறந்திருப்பதால் அறை விளக்கும் படத்தில் சேரும். கேமராவே விட்டால் 1/4 விநாடி வரைகூட இறங்கிவிடும், அதனால் ஷட்டரை 1/30, ஐஎஸ்ஓவை 800 என்று நாமே வைப்பது மேல். முகம் இன்னும் வெளுத்தால் ஃபிளாஷ் அளவை −0.7.

சோனி ஆர்எக்ஸ்100 போல மேலே எழும் ஃபிளாஷ் உள்ள சிலவற்றில், ஃபிளாஷை விரல் நுனியால் மெல்லப் பின்னுக்குச் சாய்த்துக் கூரையைப் பார்க்க வைக்கலாம். வெள்ளைக் கூரை, பத்தடிக்குள் உயரம், ஐஎஸ்ஓ 800 இருந்தால் முகத்தில் ஒளி மென்மையாக இறங்கும். கல்யாண மண்டபத்தின் உயரமான கூரைக்கு இந்த வித்தை பலிக்காது. பலமாக அழுத்தினால் ஃபிளாஷின் கீல் முறியும்.

காற்றில் வெள்ளை உருண்டைகள். ஆவி அல்ல. சாம்பிராணிப் புகையும் தூசியும் லென்ஸுக்குப் பக்கத்திலேயே ஃபிளாஷைத் திருப்பி அடிக்கின்றன. புகை அடங்கும்வரை ஃபிளாஷ் வேண்டாம்.

சாமி படக் கண்ணாடியில் வெள்ளைப் பொட்டு. நேரெதிரே நிற்காமல் பக்கவாட்டில் ஓரடி இரண்டடி நகருங்கள். வெள்ளிப் பாத்திரம், பட்டின் ஜரிகைக்கும் இதே.

படத்தின் ஒரு மூலை கறுப்பு. விரல்.

ஃபிளாஷ் எரியவே இல்லை. தொடர் படப்பிடிப்பு, சத்தமில்லா நிலை, ஹெச்டிஆர் (பல படங்களை ஒன்றாக்கும் வகை) இவற்றில் பொதுவாக எரியாது. பேட்டரி இறங்கியிருந்தாலும் எரியாது; முழுக்க சார்ஜ் செய்து ஐந்து விநாடி இடைவெளியில் முயலுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கடைக்குக் கொடுங்கள், வீட்டில் திறக்காதீர்கள். ஃபிளாஷின் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும்; பேட்டரியைக் கழற்றினாலும் உடனே போகாது. யூடியூப் பார்த்து ஸ்க்ரூ கழற்றுகிற வேலையல்ல இது.

## கோளாறு 7: விளக்கு சுவரெல்லாம் பிரகாசம், ஆள் நிழலுருவம்

ஜன்னலையோ டியூபையோ முதுகில் வைத்து நிற்க வைத்திருப்பீர்கள். ஆளைத் திருப்புங்கள். திருப்ப முடியாவிட்டால் ஈவி +1. குத்துவிளக்குச் சுடர் வெள்ளைத் திட்டாகிவிட்டால் எதிர்த்திசையில் −0.7 முதல் −1.3.

## கோளாறு 8: பனிமூட்டம் போட்டதுபோல், விளக்கைச் சுற்றி ஒளி வழிகிறது

1. விரல் ரேகை. பத்துக்கு எட்டு முறை இதுதான். மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து வட்டமாகத் துடையுங்கள். சேலை முந்தானையில் ஜரிகை இருக்கும், வேட்டியில் மண் இருக்கும், இரண்டும் கீறும்.
2. ஈரம். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் படிவது. துடைத்தால் மறுபடி படியும். அறையை விட்டு வருவதற்கு முன்பே ஜிப் பையில் போட்டு, வெளியே அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் படியாது.
3. பூஞ்சை. லென்ஸ் வெளியே நீளும் நிலையில் கைபேசி டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை இழைபோல் தெரிந்தால் துடைத்துப் போகாது. கடலோர ஊர்களில் அலமாரியில் மாதக்கணக்கில் மூடி வைத்த கேமராவுக்கு வரும் நோய். தோல் உறையிலிருந்து எடுத்து, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வைப்பது தடுப்பு. ஜெல் நிறம் மாறினால் காயவைத்துப் போடுங்கள். அரிசிப் பானையில் புதைத்து வைத்தால் லென்ஸ் இடுக்கில் மாவுதான் சேரும்.

## கடைக்குக் கொடுக்க வேண்டிய கட்டம்

‘லென்ஸ் எரர்’ என்று வந்தால் முதலில் பேட்டரியையும் கார்டையும் எடுத்துப் பத்து நிமிடம் கழித்து, முழு சார்ஜ் உள்ள பேட்டரி போட்டு இயக்குங்கள். லென்ஸ் குழல் இடுக்கில் மணல் தெரிந்தால் ரப்பர் குண்டு வகை ஊதியால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் போகும். குழலைக் கையால் பிடித்து இழுப்பதோ தள்ளுவதோ கூடவே கூடாது, பல் சக்கரம் உடையும். இரண்டு முறை முயன்றும் அதே செய்தி என்றால் கொடுத்துவிடலாம்.

பேட்டரி உப்பி, கேமராவில் அதற்கான அறையை விட்டு வர மறுத்தால் குத்தி நெம்பாதீர்கள், அப்படியே எடுத்துப்போங்கள்.

கடைக்குப் போகும்போது வெயில் சோதனைப் படங்கள் நான்கையும் கார்டில் விட்டு எடுத்துப்போனால் பாதிப் பேச்சு மிச்சம். திறப்பதற்கு முன் செலவு மதிப்பீட்டைக் கேளுங்கள். மதிப்பீட்டுக்கே கட்டணம் உண்டா என்பதையும் கேளுங்கள். சின்னக் கேமராக்களில் பூஞ்சையானாலும் குழல் பழுதானாலும் லென்ஸ் தொகுதியை மொத்தமாக மாற்றுவதுதான் வழக்கம், கூலியைவிட உதிரிபாகம் செலவு வைக்கும். அதே மாடல் பழைய கேமரா என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். மதிப்பீடு அதில் பாதியைத் தாண்டினால் பழுதுபார்க்க வேண்டாம். பேட்டரியையும் சார்ஜரையும் கார்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, அதே மாடலை இன்னொன்று தேடுங்கள்.